சத்தம் போடாத கார்

போன வியாழக்கிழமை வடசேரி சந்தையில் தடியங்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"டீச்சர், வாராவாரம் எழுதுகது நீங்கதானே?"

நான் டீச்சர் இல்லை. ஆனால் இந்த ஊரில் கண்ணாடி போட்ட, தலை நரைத்த பெண் என்றால் டீச்சர்தான். மறுத்துச் சொல்வதை நிறுத்திப் பல காலமாகிறது. ஆமாம் என்றேன்.

"உங்க தம்பிக்க கார் எப்படி இருக்கு? அந்தச் சத்தமில்லாத கார். நீங்க எழுதினத வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன் பாத்துக்கிடுங்க. நானும் அதே மாதிரி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். செகண்ட் ஹேண்டு. வாங்கலாமா, வேண்டாமா?"

கையில் ஹெல்மெட். முகத்தில் கார் வாங்கப் போகிறவருடைய பூரிப்பு. அவர் கேட்டது ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. என்னால் சொல்ல முடியவில்லை. "எழுதுகேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். தடியங்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, இந்த வாரம் அந்தப் பதில். சிரிப்பதற்காக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் இந்த வாரம் தாண்டிப் போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். என் தம்பி சிவதாணுவுக்குத் தோவாளையில் மாலைக் கடை. பூவை மூட்டையாக வாங்கி விற்கிற வியாபாரம் இல்லை. கல்யாண மாலைகள்தான். அதிலும் மாணிக்க மாலை. அரளிப் பூவை மடித்து மடித்து வைத்துக் கட்டுகிற தட்டையான மாலை. கல் பதித்த நகை மாதிரி இருக்கும். அதைச் சுருட்ட முடியாது, தொங்கவிட்டு எடுத்துப் போக முடியாது. வாழையிலை மேல் படுக்க வைத்து, தண்ணீர் தெளித்து, குளுகுளுவென்று கொண்டுபோய் மணமேடையில் சேர்க்க வேண்டும். களியக்காவிளை தாண்டி மலையாளக் கல்யாணங்களுக்கும் அவன் மாலைதான் போகும்.

அதற்குத்தான் அந்தக் கார். குளச்சலில் கல்ஃபிலிருந்து திரும்பி வந்த ஒருவர் விற்றது. மண்டப வாசலில் முகூர்த்தத்துக்குக் காத்துக் கிடக்கும்போது பழைய வேனில் இன்ஜினை ஓடவிட்டால்தான் ஏசி. புகை, சத்தம், வாட்ச்மேனின் வசவு. இந்தக் காரில் இன்ஜின் தூங்கும், ஏசி ஓடும். மாலை வாடாது.

வாங்கிய புதிதில் சிவதாணு ஊரெல்லாம் பாடம் எடுத்தான். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, கரண்ட் மோட்டாரும் உண்டு. ஒருத்தர் உழைக்கும்போது இன்னொருத்தர் ஓய்வெடுப்பார். இறக்கத்தில் காலை எடுத்தால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும், அந்த வேகத்தைக் கரண்டாக்கிப் பேட்டரியில் போட்டுக்கொள்ளும். பிரேக் கட்டைக்கு வேலையே இல்லை. கிளட்ச் கிடையாது. டைனமோ பெல்ட் கிடையாது. இன்ஜினைக் கிளப்புவதற்குத் தனியாக ஸ்டார்ட்டர் கிடையாது, பெரிய மோட்டாரே கிளப்பிவிடும்.

"அப்போ எதுதான் தேயும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தேயாது அக்கா. அதானே இதுக்க குணம்."

அப்படியே எழுதினேன். நீங்களும் ரசித்துப் படித்தீர்கள்.

எனக்கு அப்போதே ஒரு விஷயம் உறுத்தியிருக்க வேண்டும். வாங்கிய சில நாளிலேயே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, பிரேக் கட்டை புதுசாக இருந்தது. ஆனால் அது உரச வேண்டிய இரும்புத் தட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. குளச்சல் கடற்காற்று. உரசி உரசி ஓடியிருந்தால் துரு நின்றிருக்காது. வேலை வாங்காததால் வந்த கேடு. இன்ஜினும் அப்படித்தானாம். பக்கத்து ஊருக்கும் பக்கத்துத் தெருவுக்கும் மட்டுமே போய் வந்தால், ஆயில் சூடாவதற்குள் இன்ஜின் தூங்கப் போய்விடும். உள்ளே ஈரம் தங்கும். தேய்மானம் இல்லாத வண்டி என்று ஒன்று கிடையாது... தேய்மானம் வழக்கமான இடத்தைவிட்டு, நாம் பார்க்காத இடத்துக்குக் குடி போயிருக்கும். அவ்வளவுதான்.

சிவதாணுவின் மனைவி செல்வி. மாணிக்க மாலையின் மடிப்பு அவள் விரலில்தான் இருந்தது. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தது.

அதுவும் சத்தமில்லாமல்தான் நடந்தது. கால் லேசாக வீங்கும். "நின்னு நின்னு வேலை செய்யுகோம்லா மைனி" என்பாள். சாப்பாடு பிடிக்கவில்லை என்பாள். தலை வலிக்கிறது என்று ஒரு நாள் பிரஷர் பார்க்கப் போனவளை, நர்ஸ் மறுபடி உட்கார வைத்து மறுபடி பார்த்திருக்கிறாள். அங்கிருந்து நேராகப் பெரிய டாக்டர். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இவ்வளவு நாளா எப்படிம்மா நடமாடினே?"

வீட்டில் யார் முனகுகிறார்களோ அவர்களுக்குத்தான் கஷாயம், மாத்திரை, விசாரிப்பு எல்லாம். முனகாதவர்களை நாம் திடகாத்திரம் என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், அவள் புருஷனும் அப்படித்தான் நினைத்தான்.

டயாலிசிஸ் தொடங்கியது. நாகர்கோவிலில், ஒன்று விட்டு ஒரு நாள். அவள் அம்மாவின் சிறுநீரகம் பொருந்தவில்லை. சிவதாணு என்னுடையதை எடுங்கள் என்று போய் நின்றான். உனக்குச் சர்க்கரை இருக்கிறது, போ என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்து வைத்தோம். மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவருடைய வீட்டார் மனது வைத்தால், வரிசைப்படி கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் உடனே புறப்பட வேண்டும். அந்த உறுப்பு நமக்காகக் காத்திருக்காது. இதைத் தெளிவாகச் சொல்லியே அனுப்பினார்கள்.

அதன்பிறகு அந்த வீட்டில் போன் எப்போதும் சார்ஜில் கிடந்தது. கார் டாங்க் எப்போதும் நிறைந்து கிடந்தது. "இந்த வண்டி இருக்கப்பட்டப்போ எனக்கு என்ன பயம்? ஏறி இருந்தா மதுரையில போய்த்தான் நிக்கும்" என்று செல்வியே சொல்லுவாள். அவளுக்கு அந்தக் காரின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

டயாலிசிஸுக்காக ஒரு கையில் ஊசி குத்துகிற இடம், அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. ஆனால் சும்மா இருக்கிறவளா அவள்? மாலையின் தண்ணீர் சொட்டி பின்சீட் பாழாகிறதே என்று, ரெக்சின் துணி வாங்கிவரச் சொல்லி, தன் மிஷினில் ஒரு உறை தைத்தாள். கடையில் விற்கிற உறையெல்லாம் பிச்சை எடுக்க வேண்டும். சுற்றிலும் எலாஸ்டிக். சீட்டின் மேலிருந்து பக்கவாட்டில் இறங்கி, அடி வரைக்கும் கச்சிதமாகப் பிடித்து நிற்கும்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது மைனி. பாருங்க" என்று ஒரு சொம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றியே காட்டினாள். போகவில்லை. நான் கைதட்டினேன்.

சித்திரை வெயில் ஏறிய நாட்களில், காருக்குள் ஒரு ரீங்காரம் கேட்கத் தொடங்கியது. பின்பக்கத்திலிருந்து. ஓடும்போது கேட்கும், நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கேட்கும். பூ ஏற்றுகிற வண்டி. உங்களுக்கு என்ன தோன்றும்? எங்களுக்கும் அதுதான் தோன்றியது.

"வண்டு ஒண்ணு உள்ள மாட்டிக்கிட்டு" என்றான் சிவதாணு.

"பாவம், கதவத் தொறந்து போடுங்க. போவட்டும்" என்றாள் செல்வி.

மாலை இறக்கிய பிறகு நாலு கதவையும் திறந்துவைத்துக் காத்திருப்பார்கள். ரீங்காரம் நின்றுவிடும். போய்விட்டது என்று கதவை மூடுவார்கள். மறுநாள் மறுபடி கேட்கும். தோவாளையில் வண்டுக்கா பஞ்சம்? இன்னொன்று வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் கார் கத்துகிறது என்று சர்வீஸுக்குக் கொண்டுபோயிருப்பான். நாங்கள் வண்டுக்குக் கதவு திறந்துவிட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தப் போன் ஒரு முற்பகலில் வந்தது. அன்றைக்கு நான் தோவாளையில்தான் இருந்தேன். சிவதாணு மார்த்தாண்டத்தில் மாலை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து வண்டியை நிறுத்தியிருந்தான். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். ரத்தப் பிரிவு பொருந்துகிறது. செல்விதான் முதல் ஆள். இன்னொருவருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம், அது வழக்கம், நீங்கள் பதற வேண்டாம். எதுவும் சாப்பிடாமல் உடனே புறப்பட்டு வாருங்கள்.

சிவதாணு சட்டைப் பையிலிருந்த சாவியை வீடெல்லாம் தேடினான். செல்வி பதறவில்லை. பை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் காரில் வைத்தாயிற்று. புறப்படப் போகும்போது, "நில்லுங்க" என்று உள்ளே ஓடினாள். கழுவிக் காயவைத்திருந்த இன்னொரு உறையை எடுத்துவந்தாள். அதே ரெக்சின், அதே எலாஸ்டிக்.

"திரும்பி வரும்போது நான் பின்னாலதானே படுத்து வரணும். ஆபரேஷன் பண்ணின உடம்பு. அழுக்கு ஆவாதுன்னு சொல்லியிருக்காங்கல்லா?"

ஈர உறையைக் கழற்றிவிட்டுக் காய்ந்த உறையை மாட்டினாள். நாலு பக்கமும் இழுத்துச் சரிபார்த்தாள். அவள் முன்சீட்டைச் சாய்த்து உட்கார்ந்துகொள்ள, நான் பின்னால் அந்த உறையின் மேல் உட்கார்ந்தேன். ஆரல்வாய்மொழி தாண்டும்போது, காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே செல்வி சொன்னாள்.

"மைனி, இனிமே நான் தண்ணி குடிக்கலாம்லா? வயிறு நெறைய, ஒரு செம்பு."

டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். தாகத்தோடேயே வாழ்வார்கள். "ஒரு குடம் குடி, யாரு கேக்கது?" என்றேன்.

நாலு வழிச் சாலையில் சிவதாணு வண்டியை விரட்டினான். வெயில் தார் ரோட்டில் நெளிந்தது. எனக்கு ஏசி காற்று வரவில்லை என்று தோன்றியது. ரீங்காரம் என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்தே கேட்டது, முன்னெப்போதையும்விடப் பலமாக. நான் குனிந்து வண்டைத் தேடினேன்.

நாங்குநேரி நெருங்கும்போது டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு. பிறகு இன்னொன்று. சிவதாணு ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி கேட்கவில்லை. ஊர்ந்தது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயின.

"சூடாயிட்டு போல. ஒரு அஞ்சு நிமிஷம் ஆஃப் பண்ணிப் போடுவோம். ஆறினா சரியாவும்" என்றான்.

பழைய வேன் ஓட்டிப் பழகியவன். சூடானால் நிறுத்து, பானெட்டைத் திற, ஆறவிடு, கிளப்பு. அதுதான் அவனுக்குத் தெரிந்த வைத்தியம். ஓரங்கட்டி ஆஃப் செய்தான். அப்புறம் அந்தக் கார் எழுந்திருக்கவில்லை.

டாங்க் நிறையப் பெட்ரோல். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இன்ஜினைக் கிளப்ப வேண்டியது பெரிய மோட்டார். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்க வேண்டியது பின்சீட்டுக்கு அடியிலிருக்கிற பெரிய பேட்டரி. அது செத்துவிட்டால், நல்ல இன்ஜின் சும்மா கிடக்க வேண்டியதுதான். பக்கத்து டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடிவந்தார்கள். தள்ளிவிட்டுக் கிளப்பலாம் என்றார்கள். தள்ளினார்கள். தள்ளிக் கிளப்ப இதில் கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. தேயும் என்று எதையெல்லாம் எடுத்துவிட்டார்களோ, அதெல்லாம் இருந்திருந்தால் அன்றைக்கு நாங்கள் மதுரை போய்ச் சேர்ந்திருப்போம்.

போகிற கார்களுக்குக் கை காட்டினோம். நாலு வழிச் சாலையில் யார் நிறுத்துவார்கள்? ஆம்புலன்சுக்குப் போன் செய்தோம், விபத்துக்குப் போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். டீக்கடைக்காரர் தனக்குத் தெரிந்த டாக்ஸிக்குச் சொன்னார். அது ஒரு சவாரியை இறக்கிவிட்டு வர வேண்டும். ஆஸ்பத்திரிப் பெண் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். எங்கே இருக்கீங்க, எங்கே இருக்கீங்க. பொய் சொல்லத் தோன்றியது எனக்கு. சிவதாணு உண்மையைச் சொன்னான்.

செல்வி டீக்கடை பெஞ்சில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

நாங்கள் மதுரை போய்ச் சேர்ந்தபோது, இரண்டாவதாகச் சொல்லி வைத்திருந்தவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

அந்தப் பெண் ஊழியர் எங்களுக்குச் சொல்லும்போது அழுதேவிட்டாள். உங்களுக்காக முடிந்தவரை நிறுத்திவைத்தோம், அதற்கு மேல் டாக்டர்கள் தாமதிக்க முடியாது என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. சிவதாணு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

செல்வி மட்டும் கேட்டாள். "உள்ள போனது யாரும்மா?"

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பெண்ணாம். கைக்குழந்தைக்காரியாம்.

"செரி" என்றாள் செல்வி. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கட்டு" என்றாள். திரும்பி வருகிற டாக்ஸியில் கோவில்பட்டி போர்டைத் தாண்டும்போதுதான் அழுதாள். சத்தம் வராமல், முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு. எனக்கு அன்றைக்கு யார்மேல் என்று தெரியாத கோபம். அந்தக் காரை நாங்குநேரியிலேயே கொளுத்திவிட்டு வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கொளுத்தவில்லை. லாரியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார்கள். சிவதாணுவுடன் நானும் போனேன். ஒரு இளைஞர் பின்சீட்டைக் கழற்றினார். கழற்றுவதற்கு முன் அந்த உறையை அவிழ்ப்பதற்கே கொஞ்சம் கஷ்டப்பட்டார்.

சீட்டின் ஓரத்தில், கதவுப் பக்கம், சின்ன வலை போட்ட ஒரு திறப்பு. அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருப்பேன். அது பேட்டரியின் மூக்காம். காருக்குள்ளே இருக்கிற குளிர்ந்த காற்றை அந்த வழியாக ஒரு விசிறி இழுத்துப் பேட்டரியை ஆற்றும். விசிறியைக் கழற்றி எங்கள் முன்னால் வைத்தார். அதன் இறக்கை தெரியவில்லை. மாலை கட்டுகிற வாழைநாரின் துகள், காய்ந்த இதழ், தெளித்த தண்ணீரின் ஈரம், எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்துக் கிடந்தது.

வண்டு இல்லை. மூச்சுத் திணறிய விசிறி அது. நாள்கணக்காக எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"நார் அடைச்சது பாதிதான் சார். அதோட கூடக் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்" என்றார் அந்த இளைஞர். "இந்த ஓட்டை மேல எதையாவது மூடி வச்சிருந்தீங்களா?"

உறை பக்கத்திலேயே தரையில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அப்புறம் பேச்சை மாற்றினார். நல்ல பிள்ளை. "பேட்டரி மாத்திட்டா போதும் சார். மத்ததெல்லாம் அருமையா இருக்கு. இன்ஜின் புதுசு மாதிரி இருக்கு. பிரேக் கட்டை இன்னும் பாதிகூடத் தேயலை."

சிவதாணு சிரித்தான். அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் அவனிடம் கேட்டதில்லை, இனிக் கேட்கவும் வேண்டாம்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, இது நம்ம ரெண்டு பேரோட போவட்டு. அவகிட்ட சொல்லாண்டாம். பேட்டரி பழசு, செத்துப்போச்சுன்னு சொல்லிப்போடுவோம்."

சொன்னோம். செல்வி நம்பினாள். "குளச்சல்காரரு ஏமாத்திப்போட்டாரு" என்று முன்னே பின்னே தெரியாத ஒரு மனிதரைத் திட்டினாள். நாங்களும் கூடச் சேர்ந்து திட்டினோம். வேறு என்ன செய்ய?

ஆனால் கார் திரும்பி வந்த அன்றைக்கே அவள் உறையை எடுத்து மறுபடி மாட்டிவிட்டாள். புதுப் பேட்டரி. புது விசிறி. அதன் மேல் அதே ரெக்சின். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பாளே. சிவதாணு ஒரு பிளேடை எடுத்து, அந்த வலைத் திறப்புக்கு நேராக, உறையில் ஒரு சதுரத்தை அறுத்து எடுத்துவிட்டான்.

சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டாள்.

"யாரு இத அறுத்தது?"

"எலி கடிச்சிருக்கும்."

"எலி சதுரமாட்டா கடிக்கும்?"

என்னைப் பார்த்தாள். நான் பூவைப் பார்த்தேன். அவள் மிஷினில் உட்கார்ந்து, அதே நிறத்தில் ஒரு துண்டு வைத்து, தையல் தெரியாமல் ஒட்டுப் போட்டுவிட்டாள். வேலை சுத்தம். மறுநாள் அவள் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கும்போது சிவதாணு அந்த ஒட்டைப் பிரித்தான். அவள் மறுபடி போட்டாள். அவன் மறுபடி பிரித்தான். கடைசியில் தாங்க முடியாமல், இனி மாலையெல்லாம் வாடகை வேனில் போகட்டும் என்று காரிலிருந்து பூவையே விலக்கிவிட்டான். உறையைக் கழற்றி மடித்துப் பரணில் வைத்தாள் செல்வி. பத்திரமாக இருக்கட்டும், ஆபரேஷனுக்குப் போகும்போது வேண்டும் என்றாள்.

இப்போது, ஹெல்மெட் நண்பருக்கு. வாங்குங்கள். நல்ல வண்டிதான். மற்ற வண்டிகள் தேயும் இடங்களில் இது தேயாது. பிரேக், கிளட்ச், ஸ்டார்ட்டர் என்று மெக்கானிக் உங்களைப் படுத்தமாட்டார். ஆனால் வாங்குவதற்கு முன் பின்கதவைத் திறந்து, குனிந்து, சீட்டின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே அது மூச்சு விடுகிறது. துண்டைப் போடாதீர்கள், சாக்கைப் போடாதீர்கள், அழகாக உறை தைத்துப் போடாதீர்கள். விசிறியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வேகமாக ரீங்கரித்தால் வண்டைத் தேடாதீர்கள். சத்தம் போடாத வண்டி என்றைக்காவது ஒருநாள் சத்தம் போட்டால், அது வேறு வழியில்லாமல் போடுகிற சத்தம்.

மதுரையிலிருந்து இரண்டாவது போன் வரவேயில்லை. ஐப்பசி மழையில் செல்விக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் அவள் சொன்னாள். சொல்லத்தானே செய்வாள்? நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஒரு வாரம்கூட இருக்கவில்லை. போன மாதம் பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்தது. மாணிக்க மாலை மடிக்கத் தெரிந்த பெண்கள் கூடி உட்கார்ந்து அவளுக்கு ஒரு மாலை கட்டினார்கள்.

எழுதலாமா என்று சிவதாணுவிடம் கேட்டேன்.

"எழுது அக்கா. நாலு பேரு குனிஞ்சு பாக்கட்டு."

சித்திரையில் நடந்ததை ஏன் இத்தனை மாதம் கழித்து எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகை வந்ததும், உள்ளே வேறெதையும் பார்க்காமல் இந்தப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, "மைனி, இந்த வாரம் கொள்ளாம்" என்றோ "இந்த வாரம் சவசவன்னு இருக்கு" என்றோ போன் செய்கிறவள் செல்வி.

இனி அவள் படிக்கமாட்டாள். அதனால்தான் எழுத முடிந்தது.